சுவரோவியரை நிலைநிறுத்துவது கைவேலையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மதுரைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சமூகத்துக்காக வரையும் சுவரோவியரை நிலைநிறுத்துவது கருத்தா, கைவேலையா என்பது தலைப்பு. கைவேலையே என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தலைவர் அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங்கைக் காட்டினார். 1986-ல் நியூயார்க்கில், பந்தாட்டத் திடல் சுவரில், போதைப்பொருளுக்கு எதிராக அனுமதி இல்லாமல் வரைந்தவர். அபராதம் விதித்தார்கள், படம் அழிந்தது, அதே ஆண்டு அதே சுவரில் மறுபடி வரைந்தார். "கருத்து வென்றது" என்றார் தலைவர். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஓடுவது விரைவுச் சாலை. காரில் போகிறவர் கண்ணில் சில நொடிதான் விழும். அதற்காகத்தான் ஆரஞ்சுத் தளத்தில் தடித்த கறுப்புக் கோடு. அது கைவேலைக்காரரின் முடிவு, நடுவர் அவர்களே! பிறகும் அந்தப் படத்தைப் பலமுறை புதுப்பித்திருக்கிறார்கள்.

இனி நம்மூர்ச் சுவருக்கு வருவோம். வெளிச்சுவருக்கு இங்கே முதல் எதிரி உப்பு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருப்பார்கள், அடியிலிருந்து ஈரம் ஏறும். ஈரம் காயும்போது உப்பு வெளியே பூத்துப் பெயிண்டை உரித்துத் தள்ளும். புதுப்பூச்சு என்றால் 28 நாளாவது ஆறவேண்டும். ஆறாத பச்சை சிமெண்டின் காரம் வண்ணத்தைத் தின்னும். பழைய சுவரென்றால் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பார்க்க வேண்டும். காலையில் உள்பக்கம் நீர்த்துளி நின்றால் பிரஷ்ஷைத் தொடக்கூடாது. ஒழுகும் குழாயையோ சுவரை ஒட்டிய மண் மேட்டையோ முதலில் சரிசெய்ய வேண்டும்.

அதன்பின் போஸ்டர் பசை, பழைய சுண்ணாம்பு எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவிக் காயவிட வேண்டும். சுவரை வழவழப்பாக்க வீட்டுக்குள் இழுக்கும் அக்ரிலிக் பட்டியை வெளியே இழுத்தால் முதல் ஐப்பசி மழையில் ஊறிப் பொருக்காக வரும். சிமெண்ட் பட்டிதான் தாங்கும். பிறகு வெளிச்சுவர் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் எமல்சன் பெயிண்ட். 40 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 400 சதுர அடி. தளவண்ணம் இரண்டு கை அடிக்கவே ஏழெட்டு லிட்டர் ஆகும். தாளில் அரை அங்குலக் கட்டம், சுவரில் நூலடித்து ஓரடிக் கட்டம் போட்டு உருவத்தைப் பெரிதாக்க வேண்டும். சாரத்தின் மேல் மூக்குக்கு நேரே நின்று பார்த்தால் முகத்தின் அளவு தெரியாது. அடிக்கடி இறங்கிச் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தே ஆகவேண்டும்.

வண்ணத்துக்கு வாருங்கள். மலிவான சிவப்பும் ரோஸும் நம் வெயிலில் முதலில் வெளுப்பவை. குழந்தைத் திருமணத்தை எதிர்த்து ஒரு சிறுமியின் முகம் வரைகிறீர்கள். தோல் நிறத்தில் கலந்த சிவப்பு போய்விட்டால் அந்தக் குழந்தை பிணம்போல நிற்கும். நீங்கள் சொன்ன கருத்து அங்கே என்ன ஆனது? காவியும் மஞ்சள் காவியும் இரும்பிலிருந்து வருபவை, வெயிலுக்கு அசையாது. நிறம் கூட்டக் கலக்கும் ஸ்டெய்னரைக் கணக்கில்லாமல் ஊற்றி நிறம் ஏற்றுவதும் தவறு. படலம் காயாமல் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும்.

சித்தன்னவாசலை நினைத்துப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அந்தக் குடைவரையின் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்த இளங்கௌதமனை அங்குள்ள கல்வெட்டு மதுரை ஆசிரியன் என்கிறது. நம்மூர்க்காரர்! ஒரு மண்டபத்தைப் புதுப்பித்து, அதற்கு முன்னால் முகமண்டபமும் எடுத்த வேலைக்காகத்தான் அந்தப் பெயர் பாறையில் ஏறியது.

ஓவியரின் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. அடுத்த வேலை கொடுக்க வருகிற தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும் திறப்பு விழாப் புகைப்படத்தை நம்புவதில்லை. இரண்டு மழை கண்ட பழைய சுவரைப் போய்ப் பார்ப்பார்கள். அங்கே உரிந்து தொங்கினால், எத்தனை உயர்ந்த கருத்தும் வேலை வாங்கித் தராது.

"இத்தனைக்கும் காசு எங்கே? சின்னப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்?" என்று எதிரணித் தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. காசு குறைந்தால் படத்தைக் குறையுங்கள், சுவர் வேலையைக் குறைக்காதீர்கள். 400 சதுர அடியை 200 ஆக்குங்கள். சுரண்டிக் கழுவிய சுவரில் சுண்ணாம்பு வெள்ளை, சுண்ணாம்புக்கு ஈடுகொடுக்கும் காவி, இரும்பு ஆக்சைடு கறுப்பு, இந்த மூன்றே போதும். அந்த மூன்று நிறத்தில் சொல்ல முடியாத சமூகக் கருத்து எதுவென்று எதிரணி அடுத்த சுற்றில் சொல்லட்டும்.