கயலிட்ஷாவில் காலை 5 மணி வரிசை

வணக்கம் மக்களே! கேப் டவுனில் இருந்து பேசுகிறேன். பின்னால் வெறும் சுவர்தான் தெரிகிறது, டேபிள் மவுண்டன் எங்கே என்று கேட்காதீர்கள். இன்று போன கிளினிக்கில் எச்ஐவி மாத்திரை வாங்குபவர்களும் வரிசையில் நிற்பார்கள், கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. வரிசையில் நிற்பவர் முகம் யார் கண்ணிலாவது பட்டால் அவருக்கு வீட்டில், வேலையில் என்னென்ன பிரச்சினை வருமோ. அதனால் இன்று முழுக்க என் முகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பொது சுகாதாரம் படிக்க வந்தேன் என்பது பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த செமஸ்டரில் கயலிட்ஷாவில் ஒரு சின்ன குழுவில் இன்டர்ன்ஷிப். கயலிட்ஷா என்றால் கோசா மொழியில் 'புது வீடு'. பேர்தான் அழகு. 1980களில் நிறவெறி அரசு கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்த மணல்காடு அது.

நோயாளிகளின் உரிமைக்குப் போராடும் குழு என்றதும் கோஷம், ஊர்வலம், மேடைப் பேச்சு என்று என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். கையில் கொடுத்தது ஒரு அட்டை, ஒரு பேனா, ஒரு கட்டு படிவம். வேலை என்ன? எண்ணுவது. காலை 5 மணிக்கே கிளினிக் வாசலில் நிற்பவர்களிடம் கேட்க வேண்டும்: எத்தனை மணிக்கு வந்தீர்கள், போன முறை மாத்திரை முழுசாகக் கிடைத்ததா, எத்தனை மாதத்துக்குக் கொடுத்தார்கள்? அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்'லேயே முதல் நாள் சொதப்பினேன். ஒருவரிடம் போய், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "எச்ஐவி மாத்திரைக்கா வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். வரிசை அப்படியே அமைதியாகிவிட்டது. ஒருங்கிணைப்பாளர் சிசி (இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். திட்டவில்லை. "மாதா மாதம் வாங்கும் மாத்திரையா என்று கேள். சுகர், பிரஷர், எல்லாம் அதில் அடக்கம்" என்றார். நான்கு வருஷப் படிப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அப்புறம், வயதான பெண்களை இங்கே 'மாமா' என்று கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை, சிரிப்புதான் வருகிறது.

அப்படி ஒரு மாமா, அறுபது வயது இருக்கும், என் படிவத்தை வாங்கிப் பின்பக்கம் படம் போட ஆரம்பித்தார். வட்டம் வட்டமாக, நோயை எதிர்க்கும் வெள்ளை ரத்த அணுக்கள். அவற்றுக்கு இங்கே 'அமாஜோனி', அதாவது உடம்பின் சிப்பாய்கள் என்று பேர். எச்ஐவிக்குத் தான் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை என்று தடுமாறாமல் சொன்னார். ரத்தத்தில் வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது என்பதையும் அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார். எங்கள் வீட்டில் பாட்டியிடம் என்ன மாத்திரை என்று கேட்டால் "காலையில் வெள்ளை, ராத்திரி சிவப்பு" என்பார்.

மாமாவின் இந்த அறிவு தானாக வந்ததில்லை மக்களே. 1998 டிசம்பர் 10-ல் இதே கேப் டவுனில் ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின் என்ற, எச்ஐவி சிகிச்சைக்காகப் போராடும் இயக்கம் தொடங்கியது. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று நோயாளிகளே நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தைத் தரச்சொல்லி அரசு மீதே வழக்குப் போட்டு, 2002-ல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அதே வருஷம் மண்டேலா, 'எச்ஐவி பாசிட்டிவ்' என்று எழுதிய அவர்களுடைய டி-ஷர்ட்டை இதே கயலிட்ஷாவில் போட்டுக்கொண்டு நின்றார்.

நம் பக்கத்துக் கதையும் இதில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வருஷ எச்ஐவி மருந்து 10,000 டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001-ல் மும்பையின் சிப்லா அதை 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. மாமா தன் டப்பாவைத் திருப்பிக் காட்டினார்: மேட் இன் இந்தியா. "உன் ஊரா?" என்றார். நான் ஏதோ நானே செய்து அனுப்பியது மாதிரித் தலையாட்டினேன்.

சரி, இன்றைய கணக்கு 41 படிவம். அதில் ஒன்றின் பின்னால் சிப்பாய்கள் படம் இருப்பதால் சிசி அதை வாங்கமாட்டேன் என்றுவிட்டார். அதை வேறு தாளில் திரும்ப எழுத வேண்டும். நாளைக்கும் நாலு மணிக்கு அலாரம்.