ஒரு ஸ்கேல் போதும், நம் பிள்ளைகளின் வேகத்தை அளந்துவிடலாம்

வணக்கம். பின்னால் சத்தம் கேட்கிறதா? எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேர், மொட்டை மாடியில். வெயில் தாழ்ந்ததும் கிரிக்கெட் ஆட வந்தார்கள். பந்து பக்கத்து வீட்டு மாடியில் விழுந்துவிட்டது, அங்கே ஆள் இல்லை. சரி, அவர்கள் வரும்வரை இதை வைத்து விளையாடலாம் என்று கொண்டுவந்தேன். இதோ பாருங்கள், 30 சென்டிமீட்டர் ஸ்கேல். இன்றைக்கு இதுதான் நம் ஸ்டாப்வாட்ச்.

ஸ்கேலை மேல் முனையில் நான் பிடித்துக்கொள்கிறேன். சைபர் கீழே இருக்க வேண்டும். பாப்பா, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சைபருக்கு நேராக விரித்து வை, தொடக் கூடாது. சொல்லாமல் விடுவேன், நீ பிடி... ஆ, பிடித்துவிட்டாள்! விரல் எங்கே இருக்கிறது? 21.

இந்த 21-ஐ நேரமாக மாற்றலாம், நான் விட்டதிலிருந்து அவள் பிடிக்கும்வரை ஆன நேரம். விழுந்த சென்டிமீட்டரை 490-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை நொடி என்று வந்துவிடும். 20 சென்டிமீட்டர் என்றால் 0.2 நொடி. பெரிய பிள்ளைகள் கால்குலேட்டரில் போட்டுக்கொண்டார்கள். சின்னவர்களுக்காக ஸ்கேலின் பின்பக்கம் ஒரு காகிதப் பட்டை ஒட்டினேன். 5 சென்டிமீட்டரில் 0.10, 11-இல் 0.15, 20-இல் 0.20 என்று கோடு போட்டேன்.

ஒட்டி முடிக்கவில்லை, ஒரு பையன் கேட்டான்: "அக்கா, கோடெல்லாம் ஏன் தள்ளித் தள்ளிப் போகுது?" எனக்கு அவ்வளவு சந்தோஷம்! நொடியின் முதல் பத்தில் ஒரு பங்கில் ஸ்கேல் 5 சென்டிமீட்டர் விழுகிறது. அடுத்த பத்தில் ஒரு பங்கில் 15. அதற்கடுத்து 25. விழ விழ வேகம் கூடுகிறது. 5, 15, 25 என்பதை ஐந்தால் வகுத்துப் பாருங்கள்: 1, 3, 5. சுமார் நானூறு வருடங்களுக்கு முன்னால் கலிலியோ சாய்வான பலகையில் உருண்டைகளை உருட்டிக் கண்டுபிடித்த வரிசை இது. எங்கள் மாடியில் ஒரு ஆறாம் வகுப்புப் பையன் தானாகவே அதன் பக்கத்தில் வந்து நின்றான்.

இந்த ஸ்கேலைவிட ஸ்டீல் ஸ்கேல் கனமாயிற்றே, வேகமாக விழாதா என்று ஒரு சந்தேகம். நான் பதில் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னேன். ஒன்றாகத்தான் விழுந்தன.

அப்புறம் ஒரு பெண் 3 சென்டிமீட்டரில் பிடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். கணக்குப் போட்டால் 0.08 நொடிகூட இல்லை. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடித்து 0.1 நொடிக்குள் ஒருவர் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று வெளியேற்றிவிடுவார்கள். காதில் விழுந்து மூளைக்குப் போய்க் காலுக்குக் கட்டளை வர அவ்வளவு நேரமாவது வேண்டும், அதற்கு முன் கிளம்பினால் ஊகித்துக் கிளம்பியதாகத்தான் கணக்கு. 2011-இல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், 100 மீட்டர் இறுதியில் ஜமைக்காவின் ஓட்டக்காரர் உசேன் போல்ட்டே முன்கூட்டிக் கிளம்பித் தகுதி இழந்தார். 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது அவர் கிளம்ப எடுத்த நேரம் 0.146 நொடி. நம் ஸ்கேலில் அது சுமார் பத்தரை சென்டிமீட்டர். அவர் சத்தத்தைக் கேட்டுக் கிளம்புகிறார், நாம் கண்ணால் பார்த்துப் பிடிக்கிறோம். பார்த்ததைவிடக் கேட்டதற்கு உடம்பு கொஞ்சம் சீக்கிரம் அசையும்.

அந்தப் பெண் என் விரல் அசைவதைக் கவனித்து ஊகித்திருக்கிறாள். அவளே சொன்னாள். உடனே பிள்ளைகளே ஒரு விதி போட்டார்கள்: 5-க்குக் கீழே வந்தால் செல்லாது, ஆளுக்கு ஐந்து முறை, அதன் சராசரிதான் கணக்கு. ஒரே ஒரு தடவை பிடித்ததை வைத்து யாரையும் முடிவு செய்யாதீர்கள் என்று பெற்றோர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வரும் ஒரு பையன் இங்கே இருக்கிறான். டீம் பிரிக்கும்போது அவனைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு அவன் சராசரி 16. ஏழு பேரில் அதுதான் குறைவு. நோட்டில் அவனே எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான். இப்போது அவனை ஸ்லிப்பில், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பின்னால் கேட்ச் பிடிக்கும் இடத்தில், நிறுத்தலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்கிப்பிங் ஆடிவிட்டு நாடித்துடிப்பும் எண்ணினோம். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். கட்டைவிரலால் தொட்டு எண்ண வேண்டாம், அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் குழப்பும். அதை வரைபடமாகப் போடுவதை இன்னொரு நாள் காட்டுகிறேன்.

கடைசியாக இது. புதுப் பத்து ரூபாய் நோட்டு, நீளம் 12.3 சென்டிமீட்டர். நீளவாக்கில் தொங்கவிட்டு, நடுவில் விரலை வைக்கச் சொல்கிறேன். பிடித்தால் நோட்டு உனக்கே. தயாரா? ... நழுவிவிட்டது. இன்னொரு தடவை? ... போச்சு. "அக்கா, பாதின்னா ஆறு சென்டிமீட்டர்தானே இருக்கு!" என்று அந்த ஸ்லிப் பையன்தான் கத்துகிறான். கால்குலேட்டரைத் தேடி ஓடுகிறான், பாருங்கள்.