சீக்கிரம் கைவிடுகிற டிரைவ்தான் வேண்டும்

வணக்கம். என் கையில் இருக்கும் இந்த ஹார்ட் டிரைவில் ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் என் சர்வரின் மிரரிலிருந்து, அதாவது ஒரே தகவலை இரண்டு டிரைவிலும் எழுதிவைக்கும் ஜோடியிலிருந்து, இரண்டு தடவை கழன்றுபோனது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். கோளாறு டிரைவின் சுபாவத்தில் இருந்தது.

நான் வைத்திருப்பது லினக்ஸில் எம்டிஆடம் என்ற மென்பொருளால் போட்ட ரெய்டு 1, மிரருக்கு அதுதான் பெயர். தனி ரெய்டு கார்டு கிடையாது. சாதாரண டெஸ்க்டாப் டிரைவ், ஒரு செக்டரை, அதாவது தகவல் எழுதும் ஒரு சிறு துண்டை, படிக்க முடியாவிட்டால் விடாப்பிடியாக முயன்றுகொண்டே இருக்கும். சிலது ஒரு நிமிடத்துக்கும் மேல். தனியாக ஓடும் டிரைவுக்கு அது நல்ல குணம்தான், வேறு பிரதி இல்லையே! மிரரில் அதுவே வினை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வழக்கமாக 30 விநாடிதான் பொறுக்கும். அப்புறம் ரீசெட் செய்து பார்க்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் டிரைவ் வெளியே.

என்ஏஎஸ், அதாவது நெட்வொர்க்கில் ஃபைல் சேமிக்கும் பெட்டிகள், அவற்றுக்கான டிரைவ்கள் பெரும்பாலும் 7 விநாடியில் 'முடியவில்லை' என்று ஒப்புக்கொண்டுவிடும். உடனே ரெய்டு மற்ற டிரைவிலிருந்து படித்து, கெட்ட செக்டரின் மேலும் திரும்ப எழுதிவிடும். டிரைவ் இப்படிச் சீக்கிரம் கைவிடும் வசதிக்குப் பெயர் இஆர்சி. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் கேட்டால் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். இல்லாத டிரைவைத்தான் போட்டாக வேண்டும் என்றால், கர்னலின் பொறுமையை 180 விநாடியாக ஏற்றிவிடுங்கள். சர்வர் ரீபூட் ஆனால் அது பழையபடி 30க்குப் போய்விடும், ஸ்கிரிப்டில் போட்டுவையுங்கள்.

அடுத்தது எஸ்எம்ஆர். தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் முறை. இடம் மிச்சம், ஆனால் தொடர்ந்து எழுதினால் மூச்சு வாங்கும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், அதாவது என்ஏஎஸ்-க்கென்றே விற்றதில், 2 முதல் 6 டெராபைட் வரையான சில மாடல்களில் இதுதான் இருக்கிறது என்று தெரிந்து பெரிய சண்டையே நடந்தது. அதனால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல், மாடல் எண்ணை வைத்து சிஎம்ஆர்தானா, அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வழக்கமான முறையா என்று பாருங்கள். 8 டெராபைட் மிரரை விநாடிக்கு 180 மெகாபைட் வேகத்தில் ரீபில்டு செய்தாலே, அதாவது புது டிரைவுக்கு முழுப் பிரதி எடுத்தாலே, 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எஸ்எம்ஆர் என்றால் நாள்கணக்கில் இழுக்கலாம்.

மிரரின் இரண்டு டிரைவும் ஒரே பேட்ச்சாக இல்லாமல் இருந்தால் நல்லது. கம்பெனி மாறினால் கொள்ளளவு கொஞ்சம் முன்பின் இருக்கும், பார்ட்டிஷனைச் சற்றுச் சிறிதாகப் போடுங்கள்.

சரி, இந்தப் பிடிவாதக்காரனை என்ன செய்வது? மிரரில் ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் அழியும், அதனால் பேக்கப் எப்படியும் தனியாக வேண்டும். அந்த வேலைக்கு இவன்தான்.