பாட்டுக்காரருக்குப் பின்னால் நின்றவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். எல்விஸ் பிரெஸ்லி என்ற பெயரைச் சொன்னதும் உங்களில் பலருக்கு ஒரு இருபது வயசுப் பையன்தான் ஞாபகத்துக்கு வருவான். இடுப்பை ஆட்டுவான், காலை உதறுவான், எதிரே பெண்பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். அந்தப் பையனைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. நான் பேச வந்தது முப்பத்து நாலு வயசு எல்விஸைப் பற்றி. 1969ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி இரவு, லாஸ் வேகாஸ் நகரத்தில், எட்டு வருஷத்துக்கு மேல் கச்சேரி மேடையே ஏறாத அந்த மனிதர் திரும்ப வந்து பாடினார். அந்த ஒரு இரவைப் பற்றித்தான் பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெல்லிசைக் குழுக்களில் பல வருஷம் கிட்டார் வாசித்தவன். திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சி மாநாடு என்று போகாத மேடை இல்லை. அதனால் எந்தப் பாடகர் பாடினாலும் என் காது அவருக்குப் பின்னால் நிற்பவர்களிடம்தான் போகும். எல்விஸ் திரும்பி வந்த கதையை மேலாளரின் சாமர்த்தியம், தொலைக்காட்சியின் வெற்றி என்று பல மாதிரி சொல்வார்கள். என்னைக் கேட்டால், பின்னால் யார் நிற்க வேண்டும் என்று அவரே பார்த்துப் பார்த்து ஆள் சேர்த்தார், அதனால்தான் வந்தார் என்பேன். இதை நான் இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாஸ் வேகாஸ் அவருக்குப் புது ஊர் இல்லை. 1956இல், புகழ் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், நியூ ஃபிராண்டியர் ஹோட்டலில் இரண்டு வாரம் பாடியிருக்கிறார். வந்து உட்கார்ந்தவர்கள் சாப்பிட வந்த நடுத்தர வயசுக்காரர்கள். கத்தியும் முள்ளும் தட்டில் உராயும் சத்தத்துக்கு நடுவே பாட வேண்டியிருந்தது. கைதட்டினார்கள், அதுவும் மரியாதைக்கு. ஒரு லாபம் மட்டும் உண்டு. 'ஹவுண்ட் டாக்' பாட்டை ஃபிரெடி பெல் குழு அந்த ஊரில் பாடுவதைக் கேட்டு, அதைத் தன் பாட்டாக்கிக்கொண்டார். மற்றபடி அந்த ஊர் அவர் மனசில் முள்ளாகத்தான் கிடந்திருக்க வேண்டும்.

அப்புறம் ராணுவம். 1958இல் போனார், அந்த ஆகஸ்டிலேயே அம்மா இறந்துபோனார், 1960இல் திரும்பினார். 1961 மார்ச் 25ஆம் தேதி ஹவாய்த் தீவில் பேர்ல் ஹார்பரில் ஒரு கச்சேரி. 1941 தாக்குதலில் மூழ்கிய அரிசோனா கப்பலின் நினைவுச் சின்னத்துக்கு நிதி சேர்ப்பதற்காக. அதோடு சரி. பிறகு படம், படம், படம். வருஷத்துக்கு மூன்று. ஒரு கார், ஒரு கடற்கரை, நாலு பெண்கள், பத்துப் பாட்டு. சில படங்களுக்கு இசையை முன்னாலேயே பதிவு செய்து வைத்துவிடுவார்கள். இவர் பிறகு வந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, குரலை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார். கவனியுங்கள் நேயர்களே, டிரம்ஸ் வாசிப்பவர் முகத்தைப் பார்க்காமலே பாட்டு. இன்றைக்கு இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் ஆட்களுக்கு நடுவே வளர்ந்த குரல் இவருடையது. அது என்ன ஆகும்?

அந்த நிலைமையில் 1968இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று வந்தது. என்பிசி நிறுவனம் ஒளிபரப்பியது, செலவு சிங்கர் தையல் மெஷின் கம்பெனியுடையது. நம் வீட்டு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருப்போமே, அதே சிங்கர்தான். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வணக்கம் சொன்னால் போதும் என்று மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் நினைத்தார். இயக்குநர் ஸ்டீவ் பைண்டர் இளைஞர், ஒத்துக்கொள்ளவில்லை.

பைண்டர் சொன்ன கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது, இன்றைக்கு உங்களிடமும் சொல்கிறேன். அவருடைய அலுவலகம் லாஸ் ஏஞ்சல்ஸில் சன்செட் பகுதியில் இருந்தது, எப்போதும் ஜனநடமாட்டம் உள்ள வீதி. நான் இறங்கி அந்த வீதியில் நின்றால் என்ன ஆகும் என்று எல்விஸுக்கு ஒரு கேள்வி. சட்டையைக் கிழித்துவிடுவார்கள் என்றே இத்தனை வருஷம் அவரைக் காவலுக்குள் வைத்திருந்தார்கள். ஒன்றும் ஆகாது என்றார் பைண்டர். ஒருநாள் இரண்டு பேரும் கூட இருந்தவர்களும் இறங்கிப் போய் நடைபாதையில் நின்றார்கள். நீளமுடிப் பையன்களும் பெண்களும் போகிறார்கள், வருகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்விஸ் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு கைகாட்டினார், சிரித்தார், போகிறவர்கள் கண்ணில் படவே முயற்சி செய்தார். அப்போதும் ஒன்றும் இல்லை. கதை சொன்னவர் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம். இயக்குநர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துக் குழு அமெரிக்காவுக்கு வந்து நாலு வருஷம் ஆன அந்த 1968ஐ நினைத்துப் பார்த்தால் நம்ப முடிகிறது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். ஒத்திகை முடிந்ததும் எல்விஸும் சகாக்களும் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து, கிடைத்ததைத் தட்டிக்கொண்டு, பழைய பாட்டுகளைப் பாடிச் சிரித்துக்கொண்டிருப்பார்களாம். பைண்டர் அதைப் பார்த்துவிட்டு, நிகழ்ச்சி இங்கேதான் இருக்கிறது, வெளியே அரங்கில் இல்லை என்று கண்டுகொண்டார். அறைக்குள் கேமரா வைக்க பார்க்கர் விடவில்லை. சரி, அந்த அறையையே மேடைக்குக் கொண்டுவருவோம் என்று குத்துச்சண்டை மேடை மாதிரி சின்னதாக ஒரு சதுர மேடை போட்டார்கள். சுற்றிலும் கைக்கெட்டும் தூரத்தில் ஜனங்கள். நடுவில் கறுப்புத் தோல் உடையில் எல்விஸ். பக்கத்தில் யார்? 1954இல் மெம்ஃபிஸ் சன் ஸ்டூடியோவில் முதல் பாட்டுக்கு கிட்டார் வாசித்த ஸ்காட்டி மூர். ஆரம்ப காலத்து டிரம்ஸ்காரர் டி. ஜே. ஃபான்டானா, அவர் தட்டியது வெறும் கிட்டார்ப் பெட்டியை. பாஸ் வாத்தியம் வாசித்த பில் பிளாக் 1965இலேயே காலமாகிவிட்டார், இல்லாவிட்டால் அவரும் அங்கே இருந்திருப்பார்.

சீட்டு கொடுக்கும் பொறுப்பை பார்க்கர் வாங்கிக்கொண்டு சரியாகச் செய்யவில்லை. கடைசி நேரத்தில் ஆள் போதாமல், பக்கத்து உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எல்லாம் எல்விஸைப் பார்க்க வருகிறீர்களா என்று கேட்டு அழைத்து வந்தார்கள். உள்ளே இவரோ, எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை, வெளியே போகமாட்டேன் என்கிறார். போய் உட்கார், ஒன்றும் தோன்றாவிட்டால் எழுந்து வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார் பைண்டர். போய் உட்கார்ந்தார். ஸ்காட்டியைப் பார்த்தார். பாடினார். டிசம்பர் 3ஆம் தேதி நாடே அதைப் பார்த்தது. தெருவில் தெரியாமல் போன முகம் வேண்டுமானால் மாறியிருக்கலாம், அந்தக் குரல் மாறவில்லை.

இதற்குப் பிறகு அவரைப் படப்பிடிப்பில் கட்டிவைக்க முடியவில்லை. 1969 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மெம்ஃபிஸில் அமெரிக்கன் ஸ்டூடியோவில் பதிவுகள். அந்த ஸ்டூடியோவை நடத்திய சிப்ஸ் மோமனின் ஆட்கள், ஊரில் மிகச் சிறந்த வாசிப்புக்காரர்கள். 'இன் த கெட்டோ', 'சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்' எல்லாம் அங்கே பிறந்ததுதான்.

லாஸ் வேகாஸில் கர்க் கெர்கோரியன் என்ற கோடீஸ்வரர் இன்டர்நேஷனல் ஹோட்டலைப் புதிதாகக் கட்டினார். இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கம். முதல் கச்சேரிக்கு எல்விஸை அழைத்தபோது பார்க்கர் வேண்டாம் என்றுவிட்டார். புது அரங்கம், மைக் சரியாக இருக்காது, விளக்கு சரியாக இருக்காது, அந்தத் தலைவலி வேறு யாருக்காவது போகட்டும் என்று. மேலாளரை நான் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஆனால் இதில் அவர் கில்லாடி. திறந்த புது மேடையில் முதல் ஆளாக ஏறியவர்களைக் கேட்டால் தெரியும், நானும் ஏறியிருக்கிறேன். பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் ஜூலை 2ஆம் தேதி திறந்து வைத்து நாலு வாரம் பாடினார். அடுத்து எல்விஸ்.

ஆள் சேர்த்த கதைக்கு வந்துவிட்டோம். ஸ்காட்டி மூரையும், எல்விஸுக்குப் பின்குரல் பாடிவந்த ஜார்டனேர்ஸ் குழுவையும் கேட்டார்கள். நாஷ்வில்லில் அவர்களுக்குப் பதிவு வேலைகள் இருந்தன, அதைவிட்டு வர முடியாது என்றுவிட்டார்கள். இந்த இடத்தில் ஒரு சாதாரணப் பாடகர் என்ன செய்வார்? ஹோட்டல் கொடுக்கும் வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடுவார். எல்விஸ் தானே தொலைபேசியை எடுத்து ஜேம்ஸ் பர்ட்டனைக் கூப்பிட்டார். பாடகர் ரிக்கி நெல்சனுக்கு வாசித்த கிட்டார்க்காரர். நெல்சன் குடும்பத்தின் தொலைக்காட்சித் தொடரைக் கடைசியில் வரும் உன் கிட்டாருக்காகவே பார்ப்பேன் என்று எல்விஸ் சொன்னதாக பர்ட்டன் சொல்லியிருக்கிறார். மணிக்கணக்கில் பேசினார்களாம். பர்ட்டன் மற்றவர்களைச் சேர்த்தார். பாஸுக்கு ஜெர்ரி ஷெஃப், பியானோவுக்கு லாரி முஹோபெராக், கூட வாசிக்க ஜான் வில்கின்சன்.

டிரம்ஸுக்கு நிறையப் பேர் வந்து வாசித்துக் காட்டினார்கள். கடைசியாக உட்கார்ந்தவர் ரானி டட். எல்விஸ் தோளைக் குலுக்கினால் அதற்கு ஒரு அடி, கையை வீசினால் அதற்கு ஒரு அடி. நாதஸ்வரக்காரர் மூச்சை இழுக்கும்போதே தவில்காரர் கையைத் தயாராக வைத்திருப்பார் இல்லையா, அந்த மாதிரி. மற்றவர்கள் தங்கள் கைத்திறமையைக் காட்டினார்கள், இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எல்விஸுக்குப் பிடித்துப்போயிற்று. வேலை அவருக்கே. குழுவில் புதிதாகச் சேரும் பையன்களிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கையில் எவ்வளவு வேகம் இருந்தாலும் சரி, கண் பாடகர் மேல் இல்லாவிட்டால் வாசிப்பு எடுபடாது. ஆனால் எந்தப் பையனும் கேட்பதில்லை.

குரலுக்கு இரண்டு குழு. இம்பீரியல்ஸ் என்ற ஆண்கள் குழு, தேவாலயப் பாட்டுக்காரர்கள். ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு, பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினுக்குப் பின்னால் பாடியவர்கள். அவர்களைப் பாடிக் காட்டுங்கள் என்றுகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். அதற்கும் பின்னால் ஹோட்டலின் பெரிய வாத்தியக் கோஷ்டி. இப்படி நாற்பதுக்குக் குறையாத பேர் ஒருவருக்குப் பின்னால். தனக்குத் துணை வேண்டும் என்று எல்விஸுக்குத் தெரிந்திருந்தது. பயந்தவருக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

ஜூலை 31ஆம் தேதி அழைப்பாளர்கள் மட்டும். எல்விஸுக்கு முன்னால் சாமி ஷோர் என்ற நகைச்சுவைக்காரர் பேசினார். எல்விஸ் உள்ளே நடந்துகொண்டே இருந்தாராம், அப்படிப் பதற்றம். எவ்வித அறிவிப்பும் இல்லாமல் வெளியே வந்தார், மைக்கைப் பிடித்தார், 'புளூ ஸ்வேட் ஷூஸ்' ஆரம்பித்தார். அரங்கம் எழுந்து நின்றது. பழைய பாட்டுகளைப் பழைய வேகத்தைவிட ஒரு மடங்கு கூட்டிப் பாடினார். நடுநடுவே தன் கதையை, லாரி ஓட்டியதிலிருந்து சினிமா வரை, தன்னையே கிண்டல் செய்து சொல்லிச் சிரிக்க வைத்தார். பிறகு பத்திரிகையாளர்களிடம், ஜனங்களோடு நேரடித் தொடர்பு இல்லாமல் தவித்துப்போனேன் என்று சொன்னார். ராக் அண்ட் ரோல் ராஜா என்று யாரோ அழைத்தபோது, அங்கே வந்திருந்த பாடகர் ஃபேட்ஸ் டாமினோவைக் காட்டி, அவர்தான் உண்மையான ராஜா என்றார். இதுவும் நான் சொல்வதற்குச் சேர்த்திதான்.

ஹோட்டல் காபிக்கடையில் பார்க்கர் மேஜை விரிப்பிலேயே ஒப்பந்தம் எழுதினார் என்று ஒரு பிரபலமான கதை உண்டு. ஐந்து வருஷம், வருஷத்துக்கு எட்டு வாரம், வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர். அந்த முதல் சுற்று மட்டும் ஆகஸ்ட் 28 வரை 57 கச்சேரி. பெரும்பாலும் ஒரே இரவில் இரண்டு.

ஆகஸ்ட் 26 நள்ளிரவுக் கச்சேரியின் பதிவு இருக்கிறது. 'ஆர் யூ லோன்சம் டுநைட்' என்ற சோகப் பாட்டு. ஒரு வரியை மாற்றி வழுக்கைத்தலை என்று பாடிவிட்டார். முன்வரிசையில் யாருடைய விக்கோ கீழே விழுந்ததால்தான் என்று ஒரு கதை சொல்வார்கள், ஆனால் விக் விழுவது ஒலிப்பதிவில் கேட்காது. சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. பாட்டு நின்றுபோயிற்று, பேச வேண்டிய வசனமும் போயிற்று. ஆனால் பின்னால் ஒரு பெண்குரல், உச்சஸ்தாயியில், ஒரு சுருதி தவறாமல் பாடிக்கொண்டே போகிறது. அது ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் குழுவின் சிஸ்ஸி ஹூஸ்டன், பின்னாளில் புகழ்பெற்ற விட்னி ஹூஸ்டனின் அம்மா. முன்னால் நிற்பவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், பின்னால் நிற்பவர் பாட்டைக் கீழே போடவில்லை. அந்த அம்மாள் நிறுத்தாமல் பாடுவதைக் கேட்டு அவருக்கு இன்னும் சிரிப்பு. இதைக் கேட்டால் நான் சொல்வதற்கு வேறு சாட்சியே வேண்டாம்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். ஊர் ஊராகப் போன 1970 சுற்றுப்பயணம், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், 1973இல் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பான ஹவாய் கச்சேரி, இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று. வெளிநாட்டில் அவர் பாடியது 1957இல் கனடாவில் மட்டும்தான். பார்க்கர் உண்மையில் நெதர்லாந்தின் பிரேடா நகரத்தில் பிறந்தவர், அமெரிக்கப் பாஸ்போர்ட் இல்லாதவர், அதனால்தான் வெளியே அழைத்துப் போகவில்லை என்று பலரும் நம்புகிறார்கள். இதற்கு மேல் நேரம் இல்லை. 1969 ஆகஸ்டில் அதே மேடையில் பதிவான 'சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்' பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன். ஏழு நிமிஷத்துக்கு மேல் போகும். கடைசி இரண்டு நிமிஷம் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். வணக்கம்.