கால் கட்டை ஏறிய பக்கம்: ஜாஸ் பதிவுகளும் மறுவெளியீடுகளும்

அவையில் கூடியிருக்கும் இசை அன்பர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரிப்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். என் வீட்டில் இருக்கும் ஒரு பழைய ஆர்மோனியத்திலிருந்து தொடங்குகிறேன்.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தொகுப்பின் பழைய அச்சு ஒன்று பல ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. அதன் முதல் உருப்படியான 'சோ வாட்' எந்தச் சுருதியில் நிற்கிறது என்று பார்க்க ஆர்மோனியத்தில் இரண்டு கட்டையை அழுத்தினேன். (சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் நாம் சொல்வோம்.) தட்டின் ஒலி அதற்குச் சற்று மேலே நின்றது. இரண்டரைக் கட்டையை அழுத்தினால் அதற்குக் கீழே நின்றது. ஆர்மோனியம் சுருதி கலைந்துவிட்டதோ, தட்டைச் சுழற்றும் பெட்டியின் வேகம் தவறிவிட்டதோ என்று ஐயப்பட்டுத் தட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் உள்ள 'ஆல் ப்ளூஸ்' ஐந்து கட்டையோடு துல்லியமாகப் பொருந்தியது. அதே பெட்டி, அதே ஊசி, அதே ஆர்மோனியம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சுருதி சேரவில்லை. என் காதில்தான் குறை என்று முடிவு செய்து பேசாமல் இருந்துவிட்டேன்.

குறை காதில் இல்லை. அந்தத் தொகுப்பு 1959-ஆம் ஆண்டு இரண்டே நாட்களில் பதிவானது. மார்ச் 2 அன்று முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும், ஏப்ரல் 22 அன்று இரண்டாம் பக்கத்தின் இரண்டு உருப்படிகளும் நியூயார்க்கின் 30-ஆம் தெருவில், பழைய தேவாலயம் ஒன்றில் இயங்கிய கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயின. மார்ச் 2 அன்று முதன்மை ஒலிப்பதிவு இயந்திரம் ஓட வேண்டிய வேகத்தைவிடச் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்த இசையைச் சரியான வேகத்தில் ஓடும் வேறொரு இயந்திரத்தில் போட்டால், காலப்பிரமாணம் விரைவுபடும், சுருதியும் ஏறிவிடும். அப்படி ஏறிய அளவு ஏறத்தாழ ஒரு கால் கட்டை. அந்த நாடாவிலிருந்துதான் தட்டு அச்சானது. 1959 ஆகஸ்டில் வெளிவந்த நாள் முதல் உலகம் முழுவதும் அந்த முதல் பக்கத்தைக் கால் கட்டை ஏற்றித்தான் கேட்டது. கருவியைக் கையில் எடுத்துத் தட்டோடு சேர்ந்து பழகியவர்கள், கோல்ட்ரேனின் சாக்ஸஃபோனுக்கும் பில் எவன்ஸின் பியானோவுக்கும் ஏற்பத் தங்கள் கருவியைத்தான் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தவறு 1992-இல் திருத்தப்பட்டது. திருத்த முடிந்ததற்குக் காரணம், பதிவின்போது பாதுகாப்புக்காகப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது இயந்திரம். அது சரியான வேகத்தில் ஓடியிருந்தது, அதன் நாடாவும் கிடங்கில் கிடந்தது. ஏறத்தாழ 33 ஆண்டுகள் எவருக்கும் பயன்படாமல் கிடந்த நாடா அது. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று யாரேனும் ஒரு நல்ல நாளில் அதை அழித்திருந்தால், ஜாஸ் உலகில் மிகுதியாகக் கேட்கப்பட்ட தொகுப்புகளுள் ஒன்றின் உண்மையான சுருதியை நாம் அதன் வழியே மீட்டிருக்க முடியாது. ஜாஸ் இசையைப் பொறுத்தவரை மறுவெளியீடு என்பது வணிகமாக மட்டும் நின்றுவிடுவதில்லை; அது ஒரு பதிப்புப் பணி என்று நான் கருதுகிறேன். நல்ல மறுவெளியீடு எது, வெறும் மறு அச்சு எது என்று பிரித்தறியச் சேகரிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

பதிப்புப் பணி என்று ஏன் சொல்கிறேன்? கச்சேரி கேட்டுப் பழகிய இந்த அவைக்கு மனோதர்மம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரே வித்வான் ஒரே தோடியை இரண்டு நாள் பாடினால் இரண்டு தோடி. ஜாஸிலும் அப்படியே. 1945 நவம்பர் 26 அன்று சவாய் நிறுவனத்துக்காகச் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 'கோகோ' என்ற உருப்படியைப் பதிவு செய்தார். முதல் முயற்சியில் தொடக்கப் பகுதியை வாசித்து முடித்துவிட்டு, 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் மெட்டுக்குள் நுழைந்தவுடனே வாசிப்பு நிறுத்தப்படுகிறது. அந்த மெட்டைப் பயன்படுத்தினால் அதை இயற்றியவருக்கு உரிமைத் தொகை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதே காரணம் என்று சொல்வார்கள். அடுத்த முயற்சியில் மெட்டே இல்லை. அந்தப் பாட்டின் சுர அடுக்குகளின் மேல் பார்க்கரின் கற்பனை மட்டும் பாய்ந்து ஓடுகிறது. பாதியில் நின்றுபோன அந்த முதல் டேக்கும் பிற்காலத்தில் வெளிவந்தது. ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகிய தமிழருக்கு அதன் அருமை உடனே விளங்கும்.

பாடபேதம் பார்ப்பதற்கு முதலில் சுவடிகளின் பட்டியல் வேண்டும். 78 சுற்று வேகத் தட்டுகளின் காலத்தில், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம். லேபிளில் குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் இருக்கும். கார்னெட் என்ற ஊதுகருவியை இரண்டாவதாக வாசித்தவர் யார், எந்த ஊரில், எந்த நாளில் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. அந்த விவரங்களைத் தேடித் தொகுத்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், ரசிகர்கள். பாரிஸில் இருந்த சார்ல் டெலோனே 1936-இல் ஜாஸ் தட்டுகளுக்கான விரிவான பட்டியல் நூலை வெளியிட்டார். நியூயார்க்கில் கொமோடோர் என்ற கடையை நடத்திவந்த மில்ட் கேப்ளர், பெரிய நிறுவனங்கள் கைவிட்ட தட்டுகளை மறுபடி அச்சிட்டு விற்றபோது, வாசித்த ஒவ்வொருவரின் பெயரையும் லேபிளிலேயே அச்சிட்டார். 1940-இல் கொலம்பியா நிறுவனம் தன் பழைய ஜாஸ் பதிவுகளைத் தொகுத்து வெளியிட எண்ணி அந்தப் பொறுப்பை ஒப்படைத்த ஜார்ஜ் அவாக்கியன் அப்போது யேல் பல்கலைக்கழக மாணவர். 1920-களில் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்து, வெளிவராமலே கிடந்த சில உருப்படிகளை அவர் அந்தக் கிடங்கிலிருந்து கண்டெடுத்தார். மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு உள்ளே போய்ப் பார்க்கும் வரை அவை அங்கே இருப்பது எவர் கவனத்திலும் இல்லை.

பதிவே ஆகாமல் போனதை எந்தக் கிடங்கிலும் தேட முடியாது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் செய்தது. பெரிய நிறுவனங்களான விக்டரும் கொலம்பியாவும் இணங்கி வர 1944 நவம்பர் ஆயிற்று. பீபாப் என்ற புதிய நடை முளைவிட்ட காலம் அதுவே. 1943-இல் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் பார்க்கரும் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஒன்றாக வாசித்தார்கள். அந்தக் குழு வாசித்த ஒரு தட்டுகூட நமக்கு இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இனிச் சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் ப்ளூ நோட் தட்டுகளுக்கு வருவோம். ஜெர்மனியிலிருந்து வந்து நியூயார்க்கில் குடியேறிய ஆல்பிரட் லயன் 1939-இல் தொடங்கிய நிறுவனம் அது. அவருடைய இளமை நண்பர் பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த புகைப்படங்களும், ரீட் மைல்ஸ் வடிவமைத்த உறைகளும் அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தன. ஒலியைக் கொடுத்தவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகராகத் தொழில் செய்துகொண்டு, நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் தம் பெற்றோர் வீட்டு முன்னறையில் ஒலிப்பதிவு செய்தவர். 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனிக் கூடம் கட்டிக்கொண்டார். பதிவு செய்ததோடு, தட்டு அச்சிடுவதற்கான மூலத் தகட்டை வெட்டியவரும் அவரே.

இதோ என் கையில் இருக்கும் தட்டைப் பாருங்கள். விளக்கொளி சாய்வாகப் படும்படி இப்படிப் பிடிக்க வேண்டும். கடைசி உருப்படி முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால், பாட்டு இல்லாத ஒரு வெற்று வளையம் இருக்கிறதல்லவா? அதில் தட்டின் எண் இருக்கிறது. சற்றுத் தள்ளி வான் கெல்டரின் பெயரெழுத்துகள். இன்னும் திருப்பினால், மனிதக் காதைப் போன்ற ஒரு சிறு கீறல் தெரிகிறது. அது காது அன்று. அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் பெயரில் உள்ள முதல் ஆங்கில எழுத்தைச் சுழித்து எழுதியது. 1966-இல் ப்ளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு அச்சான தட்டுகளில் இந்தக் காது இல்லை. ஆகவே இந்த ஒரு கீறலை நம்பியே விலை பல மடங்கு ஏறுகிறது.

முதல் அச்சின் மேல் உள்ள ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். வான் கெல்டர் தம் கையால் வெட்டிய தட்டு, அவர் மனத்தில் இருந்த ஒலிக்கு ஒரு சாட்சி. ஆனால் தேய்ந்த ஊசியால் நூறு முறை உழப்பட்ட முதல் அச்சைவிட, மூலநாடாவிலிருந்து கவனமாக வெட்டிய இன்றைய மறுவெளியீடு அந்த இசைக்கு நெருக்கமானது என்பதே என் அனுபவம். காது முத்திரையைப் பார்க்கும் நாம் நம் காதையும் பயன்படுத்த வேண்டும்.

இந்தப் பதிப்புப் பணிக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் மைக்கேல் கஸ்கூனாவின் பெயரைச் சொல்வேன். 1970-களின் நடுவில் அவர் ப்ளூ நோட் கிடங்கில் நுழைந்தபோது, லயன் பதிவு செய்துவிட்டு வெளியிடாமல் வைத்திருந்த நாடாக்கள் வரிசை வரிசையாக இருந்தன. எது யாருடைய வாசிப்பு, எந்த நாள், எந்த உருப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வாசித்தவர்களிடமே விசாரித்து, அவற்றை வெளிக்கொண்டு வந்தார். பிறகு சார்லி லூரியுடன் சேர்ந்து மொசைக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ப்ளூ நோட்டுக்காக வாசித்தவை முழுவதும் அதன் முதல் வெளியீடுகளுள் ஒன்று. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டு, வரிசை எண் இட்டு, நாள்வாரியான பதிவு விவரங்களோடு பெரிய கையேட்டையும் பெட்டிக்குள் வைத்துத் தருவார்கள். கஸ்கூனா 2024 ஏப்ரலில் மறைந்தார். அவர் இல்லாவிட்டால் நம் அலமாரிகளில் எத்தனை இடைவெளி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நாடாக்கள் இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 1957-இல் மங்க்கும் கோல்ட்ரேனும் ஒரே குழுவில் வாசித்த சில மாதங்களைப் பற்றி அரை நூற்றாண்டாகப் பேசினோமே தவிர, கேட்பதற்கு இருந்தது மிகக் கொஞ்சம். 2005 தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பழைய நாடாக்களை எண்முறைக்கு, அதாவது டிஜிட்டலுக்கு, மாற்றிக்கொண்டிருந்த லாரி ஆப்பிள்பாம் என்ற ஊழியர், கார்னகி ஹால் 1957 என்று மட்டும் குறித்திருந்த பெட்டிகளுள் ஒன்றில் மங்க்கின் பெயர் கையால் எழுதியிருப்பதைக் கண்டார். அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலிக்காகப் பதிவு செய்த கச்சேரி அது. கோல்ட்ரேன் 1963 மார்ச் 6 அன்று வான் கெல்டர் கூடத்தில் பதிவு செய்த இசையின் கதையும் இதைப் போன்றதே. மூலநாடா தொலைந்துபோயிற்று. கேட்டுப் பார்ப்பதற்காக அவர் வீட்டுக்கு எடுத்துச்சென்ற நாடா மட்டும் முதல் மனைவி நயீமாவின் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்தது. 2018-இல் தட்டாக வெளிவந்தது அந்த நாடாவே.

அதனால்தான், மறுவெளியீட்டைக் கையில் எடுத்ததும் 'எந்த நாடாவிலிருந்து?' என்று முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலம் நெடுநாள் 50 ஆண்டுகளாக இருந்தது. பிறகு 70 ஆண்டுகளாக நீட்டியபோதும், ஏற்கெனவே உரிமை முடிந்தவற்றுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே 1950-களின் ஜாஸ் பதிவுகளை அங்கே எவரும் அச்சிடலாம்; மூலநாடா கையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படி வந்த தட்டு ஒன்றை, நிறுவனத்தின் பெயர் வேண்டாம், நான் ஆசையோடு வாங்கினேன். அழகான உறை, கனமான தட்டு. ஊசியை வைத்தால், பாஸ் வாத்தியத்தின் முதல் தட்டலே காணோம். குறுந்தகட்டிலிருந்து எடுத்தபோது தொடக்கத்தை நறுக்கிவிட்டார்கள். மூலநாடாவைப் பற்றி உறையில் ஒரு வரியும் இல்லை. நேரே நாடாவிலிருந்து வெட்டியவை என்று நம்பி நாம் பெருவிலை கொடுத்த தட்டுகளில் பலவற்றுக்கு இடையில் எண்முறைப் படி ஒன்று இருந்தது என்று 2022-இல் அமெரிக்காவில் தெரியவந்தபோது, சேகரிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். எண்முறையால் ஒலி கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. பதிப்பாசிரியர் தம் மூலச்சுவடியை மறைக்கக் கூடாது என்கிறேன்.

இன்னொரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு உடன்பாடு இராது. 1961 ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் விடுதியில் பில் எவன்ஸின் மூவர் குழு ஐந்து முறை மேடையேறியது. பதினோராம் நாள் பாஸ் கலைஞர் ஸ்காட் லாஃபாரோ கார் விபத்தில் இறந்தார். மின்சாரம் இடையில் நின்றதால் அறுந்துபோன உருப்படி உட்பட, அன்று பதிவான அனைத்தும் 2005-இல் வாசித்த வரிசையிலேயே வெளிவந்தன. கோப்பைகள் உரசும் ஓசையும் மேசைப் பேச்சும் கேட்கும் அந்த முழு நாளும் நமக்கு வேண்டும். ஆனால் பழைய தொகுப்பின் நடுவே மாற்று டேக்குகளை அடுத்தடுத்துச் செருகி, ஒரே உருப்படியை மூன்று முறை கேட்கவைக்கும் குறுந்தகடுகள் தொகுப்பின் கட்டுக்கோப்பையே குலைக்கின்றன. பாடபேதம் அடிக்குறிப்பில் இருக்கட்டும்.

நேரம் ஆகிவிட்டது. ஆர்மோனியத்தை இன்று கூடவே கொண்டுவந்திருக்கிறேன். முதலில் பழைய அச்சிலிருந்து 'சோ வாட்', அடுத்து திருத்திய அச்சிலிருந்து அதே உருப்படி. முன்வரிசையில் இருக்கும் தம்பி யாராவது வந்து இரண்டு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசியை நான் வைக்கிறேன்.