கூடையை வைத்த பிறகு

(கடைமடைக் கிராமம் ஒன்றின் ஆலயத்தில், அறுப்பின் பண்டிகை ஆராதனையில் பேசியது)

ஐயர் அவர்களுக்கும் சபையாருக்கும், உள்ளே இடம் இல்லாமல் வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் உறவுகளுக்கும் ஸ்தோத்திரம்.

பீடத்துப் படியில் கால் வைக்க இடமில்லை. வாழைத்தார், கரும்பு, தேங்காய்க் குலை, பூசணிக்காய், கால் கட்டின சேவல், அப்புறம் வரிசையாக நெல் மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பித்தளைச் சொம்பும் இருக்கிறது. வரும்போது அதில் கைவிட்டுப் பார்த்தேன். மண்ணும் பதரும் கலந்த நெல். களத்தில் மூட்டை பிடித்து முடித்த பிறகு ஓரத்தில் சிதறிக் கிடப்பதைக் கூட்டிப் புடைத்து எடுத்தால்தான் நெல் இப்படி இருக்கும். யார் கொண்டுவந்து வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத ஒரு வீட்டிலிருந்து வந்திருக்கிறது என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

உபாகமம் 26-ஆம் அதிகாரத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். முதற்பலனைக் கூடையில் எடுத்துக்கொண்டு வருகிறவன் ஆசாரியன் முன்னால் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. "இந்த வருஷம் நல்ல மகசூல், ஆண்டவரே" என்று அவன் ஆரம்பிப்பதில்லை. என் தகப்பன் நிலையில்லாமல் அலைந்தவன், எகிப்திலே நாங்கள் அடிமைகளாகக் கிடந்தோம், எங்களை ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், எங்களைக் கொண்டுவந்து இந்த நிலத்தைக் கொடுத்தார் என்று பழைய கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் கூடையை வைக்கிறான். அவன் கையில் இருப்பது இந்த வருஷத்து விளைச்சல், வாயில் இருப்பதோ தலைமுறைக் கதை. நாம் எங்கே கிடந்தோம், யார் தூக்கிவிட்டார் என்பதை மறந்தவனுக்கு ஸ்தோத்திரம் வாயோடு நின்றுவிடும் என்று மோசேக்குத் தெரிந்திருக்கிறது.

அதே புத்தகத்தின் 8-ஆம் அதிகாரத்தில் இன்னொரு எச்சரிப்பு உண்டு. சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டிக் குடியிருக்கும்போது, "என் சாமர்த்தியம், என் கைப்பலம்" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளாதே என்கிறது. நம் ஊர்க்காரனுக்கு இந்த வசனம் சீக்கிரம் புரிய வேண்டும். குடகில் மழை பெய்தால்தான் மேட்டூர் நிரம்பும். ஜூன் 12-ஆம் தேதி அணை திறப்பார்களா என்று நாம் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், திறந்தாலும் கல்லணையில் பிரிந்து, ஆறாகி, வாய்க்காலாகி, மேலே உள்ளவர்கள் எல்லாம் பாய்ச்சினது போக மிச்சம்தான் கடைமடைக்கு வந்து சேரும். நம்முடைய ஒரு மரக்கால் நெல்லில் நாம் பார்க்காத மலையின் மழை இருக்கிறது. இதில் எவன் சாமர்த்தியம், எவன் கைப்பலம்?

சரி, மகசூல் இல்லாத வருஷம் என்ன செய்வது? கதிர் சாயும் நேரத்தில் மழை பிடித்து, அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் முளைத்துப்போய், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பின வருஷங்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் விழுந்து கிடந்த தென்னையைப் பார்த்து அழாத வீடு இந்தப் பக்கத்தில் உண்டா? அந்த வருஷமும் அறுப்பின் பண்டிகை வந்தது. வயலில் தானியம் விளையாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் சொன்னதை நஷ்டப்பட்டவன் முகத்துக்கு நேராக வசனமாக எறிவது எனக்குப் பிடிக்காது. அதை அவனே பாட வேண்டும், அதுவரைக்கும் நாம் பக்கத்தில் உட்கார்ந்து அழுதால் போதும். ஆனால் அப்படிப் பாடினவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நன்றி சொன்னது நெல்லுக்காக இல்லை. குமாரனையே கொடுத்தவர் நம்மைக் கைவிட்டுவிடவில்லை என்பதற்காக.

இங்கே ஒன்றைத் திறந்து சொல்லிவிடுகிறேன். "நூறு கொடு, கர்த்தர் உனக்கு ஆயிரமாகத் திருப்பித் தருவார்" என்கிற பிரசங்கம் இப்போது கைபேசியில் இரவும் பகலும் ஓடுகிறது. அது காணிக்கை இல்லை, வட்டிக் கணக்கு. ஆண்டவரைக் கடன்காரராக்கிப் பார்க்கிற பேச்சு. ஏழைப் பெண்கள் தாலிக்கொடியை அடகு வைத்து அனுப்புகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு வயிறு எரிகிறது.

116-ஆம் சங்கீதக்காரனுக்கும் இந்தக் கேள்வி வருகிறது. கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும் அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன் என்கிறான். அடுத்த வரியில் பதில் வருகிறது: இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுவேன். கவனித்தீர்களா? என்ன கொடுப்பேன் என்று கேட்டவன், இன்னும் ஒரு தடவை வாங்கிக்கொள்ளுவேன் என்கிறான்! திருப்பிக் கொடுத்து அடைக்கிற கடன் இல்லை இது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கை நீட்டி வாங்கி, அவருடைய நாமத்தைத் தொழுதுகொண்டு, பிறகு தன் பொருத்தனைகளை ஜனங்களெல்லாருக்கும் முன்பாகச் செலுத்துகிறான். பாத்திரம் அவன் கைக்கு வந்த பிறகுதான் பொருத்தனை வருகிறது.

இப்போது உபாகமத்துக்குத் திரும்புவோம். கூடையை வைத்தாயிற்று, பணிந்துகொண்டாயிற்று. அத்தோடு முடிகிறதா? அடுத்த வசனத்திலேயே, கர்த்தர் உனக்கும் உன் வீட்டாருக்கும் கொடுத்த நன்மைக்காக நீயும் லேவியனும் உன்னிடத்தில் இருக்கிற பரதேசியும் சந்தோஷப்பட வேண்டும் என்று இருக்கிறது. நிலமில்லாத லேவியனும் ஊரில்லாத பரதேசியும் அந்தச் சந்தோஷத்தில் பங்குக்காரர்கள். அவர்கள் முகம் வாடியிருக்கும்போது கூடை மட்டும் நிறைந்திருந்தால் ஆராதனை பாதியில் நிற்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

நம் மண்ணில் இதைப் பேசுவது லேசான காரியம் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட குடும்பங்கள். அது கிறிஸ்து பிறந்த நாளின் இரவு என்பதை நினைக்காமல் என்னால் டிசம்பரில் ஒரு பாட்டும் பாட முடிவதில்லை. உங்கள் வயல்களை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் காதில் விழுந்துவிட்டது என்று யாக்கோபு எழுதினது எங்கேயோ தூர தேசத்துக்கு என்று நாம் இருந்துவிட முடியுமா?

இதே மண்ணில் வேறு விதமாக வாழ்ந்தவர்களும் உண்டு. தஞ்சாவூரில் ஊழியம் செய்து 1798-இல் இறந்துபோன சுவார்ட்ஸ் ஐயரை உங்களுக்குத் தெரியும். ஹைதர் அலியின் படை வந்த காலத்தில் கோட்டைக்குள் தானியம் இல்லை, ஜனங்கள் பசியில் செத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே குடியானவர்களிடம் நெல்லும் இருந்தது, மாடும் இருந்தது. ஆனால் கொடுக்க மாட்டேன் என்றார்கள். முன்பு வாங்கினதற்கே யாரும் பணம் கொடுக்கவில்லை. ராஜாவின் வாக்கை நம்பாத அந்தக் குடியானவர்கள், பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் ஐயர் சொன்னதும் மாடுகளை ஓட்டிவந்தார்கள். நெல் உள்ளே போனது, அவர்களுக்குப் பணமும் போய்ச் சேர்ந்தது. அவர் எத்தனை பிரசங்கம் செய்தார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் உழைத்தவன் கைக்குக் காசு போய்ச் சேரும் என்று அவர் பேச்சை நம்பினார்களே, அதை நான் பக்தி என்கிறேன். பிறகு தாது வருஷப் பஞ்சத்தில் மாயவரத்து வேதநாயகம் பிள்ளை தன் கைப்பொருளைப் போட்டுப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். கத்தோலிக்கரான அவரைச் சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டாகவே பாடிப் புகழ்ந்தார்.

காணிக்கை பீடத்தில் இருக்கும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுவந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அதனால் ஐயரிடம் கேட்டு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இந்த வருஷம் அசனத்தில் முதல் பந்தி, நாற்று நட்டவர்களுக்கும் மூட்டை தூக்கினவர்களுக்கும். அவர்கள் நம் சபையாராக இல்லாவிட்டாலும் சரி. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் போய் ஒவ்வொரு வீட்டிலும் அழைத்துவிட்டு வருவார்கள், நாம் நின்று பரிமாறுவோம். நடவுக் கூலி, ஏற்றுக் கூலி என்று யாருக்காவது பாக்கி வைத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். ஏலம் 4 மணிக்குத்தான், அதுவரைக்கும் உங்கள் மூட்டையை யாரும் தொட மாட்டார்கள்.