அனார்க்கா, பெட்ஸி, லூசி

நண்பர்களே, மாணவச் செல்வங்களே,

மகளிர் நோய்ப் பிரிவில் பயிற்சிக்குப் போன எல்லோருக்கும் சிம்ஸ் ஸ்பெகுலம் தெரிந்திருக்கும். பெண்ணின் பிறப்புறுப்பை விரித்து உள்ளே பரிசோதிக்க உதவும், ஜே. மேரியன் சிம்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரைத் தாங்கிய கருவி அது. நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று அவரைப் போற்றுவார்கள். அவருடைய அறுவை முறை யாருடைய உடம்பில் பழகி உருவானது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1845, அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி. அனார்க்கா என்ற அடிமைப் பெண்ணுக்கு 17 வயது இருக்கும். மூன்று நாளாகப் பிரசவ வலி, குழந்தை வெளியே வரவில்லை. சிம்ஸ் ஆயுதம் போட்டு எடுத்தார். இப்படி நீண்டுபோகும் பிரசவத்தில் குழந்தையின் தலை அழுத்தி, ரத்த ஓட்டம் நின்று, சதை அழுகிவிடும். சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை விழும். அதுதான் ஃபிஸ்டுலா. அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும். அன்று அதற்கு நம்பகமான சிகிச்சை கிடையாது.

சிம்ஸ் தன் வீட்டுப் பின்புறத்தில் சிறு மருத்துவமனை ஒன்று அமைத்து, அனார்க்கா, பெட்ஸி, லூசி உட்பட இந்தக் குறை உள்ள அடிமைப் பெண்களைச் சேர்த்தார். சாப்பாடு என் செலவு, உடையும் அடிமைகளுக்குக் கட்டும் வரியும் உங்கள் பொறுப்பு என்று எஜமானர்களோடு பேசி முடித்துக்கொண்டார். அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தப் பேச்சில் பெண்கள் ஒரு தரப்பாகவே இல்லை.

லூசிக்கு நடந்த அறுவையைச் சுமார் பன்னிரண்டு மருத்துவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். முழங்காலும் முழங்கையும் ஊன்றி ஏறக்குறைய ஒரு மணி நேரம், மயக்க மருந்து இல்லாமல். சிறுநீரை வடிக்க உள்ளே வைத்த பஞ்சினால் சீழ்பிடித்துச் சாகக் கிடந்தாள். தேற இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்து வந்துவிட்டது. ஆனால் 1849 வரை நீண்ட அந்த அறுவைகளில் அவர் அதைத் தொடவில்லை. இந்த அறுவைக்கு மயக்க மருந்து தேவைப்படும் அளவுக்கு வலி இல்லை என்று பிற்காலத்திலும் சொன்னார்.

தோல்வி மேல் தோல்வி வந்ததும் உதவிக்கு வந்த மருத்துவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அப்புறம் உதவியவர்கள் அந்தப் பெண்கள்தான். ஒருத்தி அறுவைக்குப் படுத்திருக்க, மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள், கருவி எடுத்துக் கொடுத்தார்கள். 1849இல் வெள்ளிக் கம்பித் தையல் பலித்தது. அனார்க்காவுக்கு அது ஏறத்தாழ முப்பதாவது அறுவை. என்னைக் கேட்டால், அந்தக் கண்டுபிடிப்பில் இவர்களுக்கும் பங்கு உண்டு. 1852இல் சிம்ஸ் வெளியிட்ட கட்டுரை அந்தப் பங்கைச் சொல்லவில்லை.

அந்தப் பெண்களே குணமாக ஆசைப்பட்டார்களே என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆசைப்பட்டிருக்கலாம், அந்த வேதனை அப்படிப்பட்டது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல முடியாதவள் சரி என்று சொன்னால் அது எப்படிச் சம்மதம் ஆகும்? 1808க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை. அடிமைத் தாயின் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். அவள் கருப்பை எஜமானின் சொத்துக் கணக்கில் இருந்தது. அவளுக்குச் சிகிச்சை வேண்டும் என்று முடிவு செய்ததும் அந்தக் கணக்குதான். அனார்க்கா என்ன நினைத்தாள் என்று அவள் வாயால் சொல்லி ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் சிம்ஸ் எழுதியது.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற சிம்ஸ் சிலையை 2018 ஏப்ரலில் அகற்றினார்கள். 2021இல் மாண்ட்கோமரியில் மிஷெல் பிரவுடர் என்ற கலைஞர் அந்த மூன்று பெண்களுக்கும் சிலை வைத்தார். இரண்டுமே செய்ய வேண்டியவைதான். ஆனால் சிலைகளோடு கதை முடியவில்லை. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. அதில் பங்கேற்ற வெள்ளை மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் சுமார் பாதிப் பேர், கறுப்பர்களின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வகுப்பில் அந்த ஸ்பெகுலத்தைக் கையில் எடுக்கும்போது, இந்த மூன்று பெயர்களுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நன்றி.